நடுவில் யார் ஆடுவது

1912 ஆகஸ்டு 10, சனி

நாலு கோல் வாங்கித் தோற்றோம். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்காரர்கள் எங்கள் மைதானத்துக்கே வந்து, எங்கள் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சிரித்துப் பேசிக்கொண்டே ஆடிவிட்டுப் போனார்கள். பாளையங்கோட்டை வாலிபர் ஹாக்கி சங்கம் என்று பெயர். வாலிபர்களில் பாதிப் பேருக்கு முன்தலை வழுக்கை. காப்டன் என் வீட்டுக்காரர்தான்; அத்தானுக்கு வருகிற தையில் முப்பத்தேழு.

நான் வேலை பார்க்கிற பெண்பிள்ளைப் பாடசாலையின் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே மைதானம். பிள்ளைகளின் தையலைத் திருத்துகிறேன் என்று பேர். ஒரு தையலையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் வழக்கமான சபை கூடிற்று. தபாலாபீசிலிருந்து என் தம்பி கிருபைராஜ், அடுத்த தெருவிலிருந்து சிவசைலம் அண்ணாச்சி. அண்ணாச்சி வக்கீல் குமாஸ்தா; மட்டையைக் கையால் தொட்டதில்லை; ஹாக்கியைப் பற்றி அவருக்குத் தெரியாததும் இல்லை. சைவர் என்பதால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். இளநீர் சீவிக் கொடுத்தால் குடிப்பார். இன்றைக்கு மூன்று இளநீர் போயிற்று, அவ்வளவு கோபம்.

"கிழட்டுக் காளையைப் பூட்டிக்கிட்டு வண்டி ஏன் ஓடலைன்னு கேட்டா எப்படி வே?" என்றார். அத்தான் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பரில் நாங்கள் அங்கே போய் ஆட வேண்டும்.

ஆகஸ்டு 14, புதன்

தலைமை அம்மாள் ஜன்னலை அடைத்து வைக்கச் சொன்னார்கள், தூசி வருகிறதாம். எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லித் திறந்தே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டு 24, சனி

சங்கத்தில் புதிதாக இரண்டு பேர் பழகுகிறார்கள்.

ஒருவன் குற்றாலலிங்கம். அண்ணாச்சியின் தங்கை மகன். சொந்த ஊர் ஏரல். மாமா வீட்டில் தங்கிக் காலேஜில் படிக்கிறான். என்ன ஓட்டம். பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், யாருக்கும் தர மாட்டான்.

இன்னொருவன் பாக்கியசீலன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், உபாத்தியாயர் பயிற்சிக்கு வந்திருக்கிறான். ஒல்லி. ஓட்டமும் சுமார்தான். ஆனால் பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்து வைத்துக்கொள்கிறான். வந்ததும் ஒரு தட்டு. அது போய்ச் சேரும் இடத்தில் நம் ஆள் நிற்பான்.

அத்தானும் இளவயசில் இப்படித்தான் ஆடினாராம். நான் கல்யாணமாகி வந்தபோது வேகம்தான் கண்டேன்.

செப்டம்பர் 7, சனி

இன்றைக்குச் சபையில் பெரிய ரகளை.

கிருபை: "சின்னப் பயலுகளை எடுத்த எடுப்பில தூத்துக்குடிக்காரன் முன்னால நிறுத்தினா, பயந்து அதோட ஆட்டத்தையே விட்டுருவான் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருசம் இங்கனயே ஆடிப் பழகட்டும்."

அண்ணாச்சி: "ஏலே, குளத்தங்கரையில நின்னுக்கிட்டே நீச்சல் பழகுவியாக்கும்? எங்க லிங்கத்தைத் தூக்கி நடுவில போடு. அப்புறம் பாரு."

"நடுவில" என்றதும் பேச்சு நின்றுவிட்டது. ஐந்து பேர் முன்வரிசையில் ஆடுவார்கள். நடுவில் நிற்கிறவன்தான் அதற்குத் தலை. பத்து வருஷமாக அந்த இடம் அத்தானுடையது.

நான் உள்வாசலில் நின்றபடியே, "நடுவுக்குப் பாக்கியசீலன்தான் சரி, லிங்கத்தை இடது ஓரத்தில ஓட விடணும்" என்றேன். அண்ணாச்சிக்கு இளநீர் புரையேறிவிட்டது. "அந்த ஒல்லிக்குச்சியா? காத்தடிச்சா மட்டை நிக்கும், அவன் பறந்திருவான் தங்கச்சி."

அத்தான் சிரித்தார். எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வேதக்கோயிலில் முழங்காற்படியிட்டு எழுந்திருக்கும்போது அத்தான் முன் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வலது முழங்காலைப் பார்த்தேன். வேட்டிக்குள்ளே துணி சுற்றியிருக்கிறது. எத்தனை நாளாக?

"ஒண்ணுமில்ல, ஒரு பிடிப்பு" என்கிறார். எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, சனி

ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு வாலிபரையும் நடுவில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தார்கள். லிங்கம் தனியாகவே ஓடி மூன்று கோல் போட்டான். மற்ற நாலு முன்வரிசைக்காரர்களும் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள், நான் பார்த்தது போலவே. பாக்கியசீலன் ஒன்றும் போடவில்லை. ஆனால் அவன் பக்கம் நாலு கோல் போட்டது, நாலையும் நாலு பேர் போட்டார்கள்.

சபையில் அவரவர் ஆளே ஜெயித்ததாகப் பேசினோம். அண்ணாச்சி லிங்கத்தின் மூன்றையே திரும்பத் திரும்ப எண்ணினார்.

அத்தான் வெளியே நின்று ஊதல் ஊதினார். அவர் ஆடாமல் நின்று இப்போதுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 5, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பு, அவருக்குப் பிடித்தது. அதை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். "தூத்துக்குடியில நீங்க நடுவில ஆட வேண்டாம் அத்தான். முழங்கால் தாங்காது. அந்த இடத்தைப் பாக்கியசீலனுக்குக் குடுத்திருங்க."

கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

உப்பு வேணும்னு சுவரைப் பார்த்துச் சொல்லுதாங்க. நான் சுவர் பக்கத்திலதான் நிக்கேன்.

அப்படி என்ன சொல்லிட்டேன்? வேற யாராவது மைதானத்தில வச்சுச் சொல்லி அவமானப்படுத்துததுக்கு முந்தி, வீட்டில சொன்னது குத்தமா? ஒருவேளை வீட்டிலே சொன்னதுதான் குத்தமோ. மைதானத்தில ஆயிரம் பேசுவான். வீட்டில ஒருத்தியாவது கை தட்டுவான்னு நினைச்சிருப்பாங்க.

பத்து வருசம் நான்தானே தட்டினேன்.

அக்டோபர் 19, சனி

சபை கூடவில்லை. அத்தான், தாம் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் வேலை என்று போய்விட்டார். அண்ணாச்சி மட்டும் வந்து வாசலிலேயே நின்று பேசினார்.

"நீ சொன்னது சரிதான் தங்கச்சி. ஆனா நீ சொல்லியிருக்கப்படாது."

"பின்னே யாரு சொல்லணும்? நீங்க சொல்லியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி பேசுதீங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "காளை, வண்டின்னு சாடையா ஆயிரம் சொல்லிரலாம். அவரு முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரலை" என்றார். இத்தனை காலத்தில் அண்ணாச்சிக்கு வாய் வராத இடம் இது ஒன்றுதான்.

நவம்பர் 2, சனி

மழை. விடாத மழை. ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறைக் கோயிலை முழுக்க மூடிவிட்டதாம். மைதானத்தில் வாத்து நீந்துகிறது. பழக்கம் கிடையாது.

நவம்பர் 9, சனி

இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

மழையில் மைதானம் போனால் என்ன என்று, கிருபையும் அண்ணாச்சியும் கூடத்துத் தரையிலேயே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொட்டைகளை எடுத்துப் பதினொன்றாக அடுக்கினார்கள். சாக்கட்டியால் கோல், வட்டம் எல்லாம் போட்டாயிற்று. அண்ணாச்சி லிங்கத்தை நடுவில் வைப்பார். நான் எடுத்து ஓரத்தில் வைப்பேன். கிருபை இரண்டு கொட்டையையும் எடுத்து வெளியே வைத்து "அடுத்த வருசம்" என்பான். இப்படியே போய்க்கொண்டிருந்தது. பெரிய கொட்டை ஒன்று நடுவுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

அத்தான் அறையிலிருந்து வந்து எங்களுக்கு மேலே நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை. பைய உட்கார்ந்தார், வலது காலை நீட்டிக்கொண்டு. அந்தப் பெரிய கொட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைக் கொண்டுபோய்ப் பின்னால், எங்கள் கோல்காவல்காரனுக்கு முன்னே தடுத்து நிற்கிற இருவரில் ஒருவன் இடத்தில் வைத்தார்.

"இங்கன நின்னா ஓட வேண்டாம். பார்த்து நிறுத்தினாப் போதும்" என்றார்.

அப்புறம் பாக்கியசீலனை நடுவில் வைத்தார். லிங்கத்தை இடது ஓரத்தில் வைத்தார்.

"ஓரத்திலயா?" என்றார் அண்ணாச்சி.

"ஓரத்திலதான் அண்ணாச்சி. அவன் ஓட்டத்துக்கு அங்கதான் இடம் இருக்கு. சாலோமி முதல்லயே சொன்னா."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

நவம்பர் 23, சனி

மைதானம் காய்ந்தது. வேறு மாதிரி வெள்ளம் ஒன்று வந்தது. "ஓரத்தில நிக்க நான் என்ன பந்து பொறுக்குறவனா?" என்று கேட்டுவிட்டு, லிங்கம் மட்டையோடு ஏரலுக்குப் போய்விட்டான்.

அத்தான், "வரும்போது வரட்டும்" என்கிறார். அண்ணாச்சி நான் எதிர்பார்த்தது போல அத்தானிடம் சண்டைக்கு வரவில்லை. முகம்தான் சுருங்கிவிட்டது.

நவம்பர் 27, புதன்

அண்ணாச்சி கோர்ட்டுக் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு ஏரலுக்குப் போயிருக்கிறாராம். இந்தச் சகதியில், மாட்டு வண்டியில்.

நவம்பர் 30, சனி

லிங்கம் வந்துவிட்டான். எப்படி என்று கிருபை கேட்டுக் கேட்டு வாங்கினான்.

"எங்க தங்கச்சி உலகம்மா முன்னால வச்சுத்தான் கேட்டேன்" என்றார் அண்ணாச்சி. "லே, உனக்குக் கோல் போடணுமா, நடுவில நிக்கணுமான்னு. கோல் போடணும்னான். அப்ப ஓரத்துக்கு வா, உனக்குப் பந்து தர்றதுக்குன்னே ஒருத்தனை நடுவில நிறுத்தியிருக்குன்னேன். ஒரு ராத்திரி யோசிச்சான். வண்டியில ஏறிட்டான்."

"அப்ப பாக்கியசீலன்தான் சரின்னு ஒத்துக்கிட்டீங்க" என்றேன்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? பயலை வண்டியில ஏத்தச் சொன்ன பேச்சு அது."

டிசம்பர் 14, சனி

பழக்கத்தில் லிங்கம் ஓரத்தில் நின்று பந்துக்கு ஏங்குகிறான். பாக்கியசீலன் தராவிட்டால் திட்டுகிறான். தந்தால் திட்ட மறந்துவிடுகிறான். அத்தான் பின்னால் நின்று இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்; குரல் மாடி வரைக்கும் கேட்கிறது.

டிசம்பர் 25, புதன்

கர்த்தருடைய பிறப்பு. கோயிலுக்கு வெளியே எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். பாதிப் பேர் அதற்கு அப்புறம் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. வீடு வந்து சேர நடுராத்திரி ஆகிவிட்டது.

விடியற்காலையில் ஆற்றுக்கு அக்கரையில் பாலம் ஸ்டேஷனில் ரயிலேறி, மணியாச்சியில் மாறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். நானும் போனேன். "மாடி ஜன்னல் அங்கன கிடையாது, வா" என்று அத்தானே சொன்னார். கடற்காற்று. மண்ணெல்லாம் உப்பு. நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். எங்கள் வாலிபர்கள் இரண்டு பேரும் பயந்துபோய் நின்றார்கள். பாக்கியசீலன் தலையைத் தூக்கவேயில்லை. கிருபை என் காதில், "நான் அப்பவே சொன்னேன்" என்றான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, அவன் சொன்னது சரியாகிவிடுமோ என்று.

இடைவேளையில் அத்தான் அவர்களிடம் என்ன சொன்னார் என்று பின்னால் கேட்டேன். "பின்னால நான் இருக்கேன், இனி ஒண்ணு உள்ளே போகாது. நீங்க தைரியமா தப்புப் பண்ணுங்க" என்றாராம்.

ஒன்றும் உள்ளே போகவில்லை. முழங்காலை மடக்க முடியாமல் நின்றுகொண்டே நிறுத்தினார், விழுந்தும் நிறுத்தினார். ஒரு தடவை விழுந்து எழுந்திருக்க நேரமாயிற்று. நான் குடையை மடக்கிவிட்டேன், ஓடலாமா என்று. எழுந்துவிட்டார்.

அப்புறம் பாக்கியசீலன் தலையைத் தூக்கினான். ஒரு தட்டு, இடது ஓரத்துக்கு. லிங்கம் போன போக்கில் துறைமுகத்துக்காரர்கள் திரும்பிப் பார்க்கத்தான் முடிந்தது. கோல். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. சிவசைலம் அண்ணாச்சி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மீனவர் ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முடிகிற நேரம். லிங்கம் ஓரத்திலிருந்து தானே அடித்திருக்கலாம். அடிக்காமல் நடுவுக்குத் தள்ளினான், என் பாக்கியசீலனுக்கு. கோல்காவல்காரன் விழுந்து கிடக்கிறான். முன்னால் வெறும் கோல். பாக்கியசீலன் அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று.

இரண்டுக்கு இரண்டு. சமன்.

ரயிலில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தான். அத்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏலே, அந்த இடத்துக்கு நீ வந்து சேர்ந்திருந்தே பாரு, நான் ஆடியிருந்தா வந்தே சேர்ந்திருக்க மாட்டேன். அடுத்த வருசம் உள்ளே அடி" என்றார். லிங்கம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தான்.

மணியாச்சி வரைக்கும் அண்ணாச்சி என்னை விடவில்லை. "ரெண்டு கோலும் போட்டது யாரு தங்கச்சி? ஒல்லிக்குச்சி என்ன செஞ்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ரெண்டையும் போட வச்சது யாரு அண்ணாச்சி?" என்று நானும் கேட்டுக்கொண்டே வந்தேன். பெட்டியில் வந்தவர்கள் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

1913 ஜனவரி 11, சனி

அத்தானின் முழங்கால் நன்றாக வீங்கியிருக்கிறது. டாக்டர் இனி மட்டை கூடாது என்றார். "சரி" என்றார் அத்தான். அவ்வளவுதான். வரும் வழியில், ஜட்கா வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பட்டப்பகலில்.

பிப்ரவரி 8, சனி

சாயங்காலம் மைதானத்து வேலியோரம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், அத்தானும் நானும். பாக்கியசீலன்தான் இப்போது காப்டன். லிங்கத்தைத் திட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

போலீஸ் லைனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் கொம்பையா என்கிற வாலிபன், அத்தான் நின்ற இடத்தில் ஆடிப் பார்த்தான். பனை உயரம். அடித்தால் பந்து கோட்டைச் சுவருக்குப் போகிறது. அத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"திரும்புறதுக்குள்ள விடிஞ்சிரும். இவன் ஆக மாட்டான்" என்றார்.

"திரும்பப் பழக்கலாம், உயரத்தைப் பழக்க முடியுமா?" என்றேன்.

நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரி, அப்ப நீ சொல்லு, அவன் பக்கத்தில யாரை நிறுத்துவே?"

சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அடுப்புப் பற்றவைக்கவே நேரமாகிவிட்டது.