மாடியை வாடகைக்கு விட்ட விவரம்

அன்புள்ள மகளுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நானும் நம் கயிற்றுக் கடையும் சுகம். அம்மாவும் சுகந்தான், என்மேல் கோபமாக இருக்கிறாள், அது உடம்பை ஒன்றும் செய்யாது. நீ, மாப்பிள்ளை, பெரியவன், சின்னவள் எல்லோரும் நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறோம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பது எனக்கு வராது. உங்களுக்கென்று வைத்திருந்த மாடி வீட்டை நேற்று வாடகைக்கு விட்டுவிட்டேன்.

அந்த ஊர்க் குளிர் ஆரம்பித்த புதிதில் நீ போனில் அழுதபோது, அங்கே முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, மாடி இருக்கிறது என்று சொன்னவன் நான்தான். இல்லையென்று சொல்லவில்லை. சொன்னதோடு நிற்காமல் வெள்ளையடித்து, ஒழுகின குழாயை மாற்றி, பிள்ளைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்குக் கம்பியும் போட்டேன். கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர், பூட்டிக் கிடக்கிற வீட்டால் எலிக்குத்தான் லாபம் என்று கிண்டல் பண்ணினார், அதையும் கேட்டுக்கொண்டேன். இப்போது ஏன் விட்டேன் என்று நீ கேட்பாய். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாப்பிள்ளை போனில் சொன்னதைக் கேட்டுத்தான் விட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து, நீங்களும் உங்கள் சபையில் இன்னும் இரண்டு குடும்பமுமாக உங்கள் கட்டடத்தில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போனீர்களாம். இங்கே பாட்டுக்குழு வருகிறதென்றால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள், எல்லா ஊரும் அப்படித்தான் என்ற நினைப்பு. பட்டப்பகல், மாப்பிள்ளை கையில் மேளம் வேறு. உங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிறவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார் பாவம், பனியனோடு வந்து கத்தாத கத்து கத்திவிட்டு, கட்டடத்தை வாடகைக்கு விடுகிற ஆபீசுக்கும் எழுதிப் போட்டுவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஆபீசிலிருந்து காகிதம் வந்ததாம். கூட வந்தவர்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பாடிக்கொள்வோம், நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை மனசு விட்டுப்போய், பேசாமல் மாமாவிடமே போய்விடலாம் என்று சொன்னாராம். இதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார், அதற்காக நீ அவரைக் குத்திக் காட்டாதே. பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்பது உன் கையில் வந்து நின்றிருக்கிறது.

நானாக இருந்தால் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போயிருப்பேன். அது வியாபாரத் தப்பு. கோபத்தில் இருக்கிறவனுக்கு இனாம் கொடுத்தால் வருஷா வருஷம் கொடுக்க வேண்டி வரும், கோபமும் தீராது. நீ வெறுங்கையோடு போயிருக்கிறாய், அதுவும் அவர் தூங்கி எழுந்து முகம் கழுவி டீ குடிக்கிற நேரம் பார்த்து. போய், பாடலாமா என்று கேட்கவில்லை. "உங்களுக்கு எது தொந்தரவா இருக்கு, அதைச் சொல்லுங்க" என்று கேட்டாயாம். கயிறு வாங்க வருகிறவனிடம் விலையைச் சொல்லாதே, எதைக் கட்டப் போகிறாய் என்று கேள், இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பாதி ஆயுசு போயிற்று, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த மனுஷன் சொன்ன பதிலைப் பார், பாட்டு ஒரு நாள் கூத்து, காலையில் உன் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு தலைக்கு மேலே ஓடுவதுதான் தினப்படி சித்திரவதை என்றாராம். அதுநாள்வரை வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீ அங்கேயே பேசி முடித்தாய். அவர் எழுந்திருக்கும்வரை வீட்டுக்குள் ஷூ கிடையாது, பாட்டு சாயங்காலம் மட்டும், மேளம் கிடையாது. பதிலுக்கு அவர் புகாரை வாபஸ் வாங்கி அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து என்பதைக் கேட்டாயே, அங்கேதான் நீ என் மகள். பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் வாசலில்தான் முதல் பாட்டு, ஒதுங்கின இரண்டு குடும்பமும் கூடவே வந்து நின்றார்களாம். இரண்டாவது பாட்டில், மேளத்தை ஏன் கொண்டுவரவில்லை என்று அந்த மனுஷனே கேட்டாராமே. மாப்பிள்ளை இதைச் சொன்னபோது நான் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தேன், எண்ணிக்கை விட்டுப்போயிற்று, வாங்க வந்தவருக்கு ஒரு முழம் கூடவே போயிருக்கும். போகட்டும்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பின்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் முன்னால் போகிற பிள்ளை திரும்பித் திரும்பித்தான் பார்க்கும். அதை உனக்காகத் திறந்து வைத்ததாக நினைத்திருந்தேன், என் பயத்துக்காகத்தான் வைத்திருந்தேன் போல. அம்மாவுக்கு இது ஏறவில்லை, பிள்ளை வந்து நின்றால் எங்கே படுப்பாள் என்று கேட்டாள். நம் அறையில் படுக்கட்டும், நாம் கடையில் தார்ப்பாய் விரித்துப் படுப்போம் என்றேன், அதோடு பேச்சு நின்றது. நீ ஒரு போன் போட்டுப் பேசினால் சரியாகிவிடும். சின்னவளுக்குக் காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள். பெரியவன் ஷூவைக் கழற்றுகிறானா என்று மாப்பிள்ளையைக் கவனிக்கச் சொல், கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஆலயத்தில் நம் போதகர் ஐயரிடம் சொல்லி உங்கள் பேரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். வரும் வருஷம் முழுக்க ஆண்டவர் உங்கள் நாலு பேர் தலைமேலும் கை வைத்திருப்பாராக.

மாடிக்கு வருவது தையல் வகுப்பு நடத்துகிற ஒரு அம்மாள், கறார்ப் பேர்வழி, எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று வருஷ ஒப்பந்தம், ஆறு மாத வாடகை அட்வான்ஸ், வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து ஏற்றம், கேட்காமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மகள் திரும்பி வருகிறாள் என்று சொல்லி இடையில் காலி பண்ணச் சொல்லக் கூடாது என்பது கடைசி நிபந்தனை. அதை அந்த அம்மாள் கேட்கவில்லை, நானே சேர்த்து எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அப்பா