மணல் பக்கத்தில் ஒரே கோடு

பங்குனி, திங்கள். காலையிலேயே வெயில்.

எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. முறிந்த எலும்பைப் பிடித்துக் கட்டியே பழகிய கை. படிப்பவர் பொறுக்க வேண்டும். படிக்கப்போவது நான்தான். முழங்கால் என்று பிழையில்லாமல் எழுதிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை.

வாங்க வேண்டியவை: உளுந்து மாவு, முட்டை, கட்டுத்துணி.

இரவுப் பள்ளியில் எழுதப் பழகியதிலிருந்து, சடுகுடு ஆடி அடிபட்டு என்னிடம் கட்டுப் போட வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கோடு. எங்கே ஆடினார்கள் என்பதும். நம் உறையூர்க் கட்டாந்தரைக்குக் கோடு நெருக்கமாக. ஸ்ரீரங்கத்து ஆற்று மணலுக்கு ஒன்றே ஒன்று.

மருமகன் ரெங்கனிடம் காட்டினேன். முசிறி பஸ்ஸில் கண்டக்டர். சடுகுடுக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"இனிமே மணல்லயே ஆடுங்க மாப்ள. தரையிலதான் எலும்பு போகுது."

"கோடு போட ஆரம்பிச்சதும் மாமா கலெக்டர் ஆயிட்டாரு!" சிரித்தார். ஆனாலும் சரி என்றார்.

வியாழன். புழுக்கம்.

பல்வலி. 'ஸ்ரீ' இன்னும் வளைய மாட்டேன் என்கிறது. மகள் கமலம் கையைப் பிடித்துப் போட்டுக் காட்டினாள்.

ஞாயிறு. மேகமே இல்லை.

மாலை, மணலில் ஆட்டம். நானும் போனேன். மாப்பிள்ளை பாடிக்கொண்டே போனார். திரும்பினார். பாதம் மணலில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. எனக்குத் தெரிந்த சத்தம்.

முழங்கால் ஜவ்வு அறுந்திருக்கிறது. எலும்பென்றால் சேர்த்துவிடுவேன்.

வண்டியில் வரும்போது அவர்தான் எனக்கு ஆறுதல். "மணலுக்கு என்ன கண்ணா இருக்கு மாமா, விடுங்க."

செவ்வாய். காற்று, புழுதி.

பஸ் முதலாளியின் ஆள் வந்தார். "காலு சரியாவட்டும், அப்புறம் பாக்கலாம்னாருங்க." வேறு கண்டக்டர் ஏறிவிட்டாராம். நின்றே பிழைக்கிற வேலை.

ஜவ்வுக்கு எண்ணெய் கேட்கப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து வைத்தியரிடம் போனேன். அவர் வாசலில் வரிசையாகப் பையன்கள். எல்லாம் முழங்கால். எல்லாம் மணல்.

"இந்தப் பக்கம் ஆடறவன் இங்கதான் வருவான். நொண்டிக்கிட்டு உங்களைத் தேடிப் பாலமா தாண்டுவான்?"

தாண்ட மாட்டான். எனக்குத்தான் தோன்றவில்லை. மணலில் அடி குறைவில்லை. என்னிடம் வந்ததுதான் குறைவு.

சனி. வெயில்.

மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முசிறி பஸ் ஹாரன் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கமலம்: "நீங்க எழுதினதாலதானேப்பா இது?"

"பாதி எழுதினதால, கண்ணு."

பேனாவுக்கு மை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

குழுவிலிருந்து கேட்டுவிட்டார்கள், இனி எங்கே ஆடுவது என்று. தெரியாது என்றேன்.

மாப்பிள்ளைக்கு உரிய கோட்டை இன்றுதான் போட்டேன். மணல் பக்கம், இரண்டாவது. நேராக விழுந்தது. அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்து வைத்தியர் வாசலில் உட்கார்ந்துதான் எழுதப்போகிறேன்.