நீ நீட்டிய சாவி

இன்று காலை எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருவனுக்குக் கால் கழுவிவிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போலத் திருவொற்றியூர் வரை வரிசையில் நின்றன. எனக்கு முன்வண்டி ஓட்டும் மீஞ்சூர்க்காரனை டீக்கடை வாசலில் நாய் கடித்துவிட்டது. கேன் தண்ணீரை ஊற்றிச் சிவப்புச் சோப்பைத் தேய்த்தேன். அவன் நெளிந்தான்.

“போதும் மாமு, தோலு உரிஞ்சிடும்.”

“கால் மணி நேரம் ஆவணும். மூடிகினு நில்லு.”

சோப்பு நெடி ஏற ஏற, அன்று இதே வரிசையில் எனக்கு முன்வண்டியில் இருந்து கடிபட்ட உன் கால் ஞாபகம் வந்தது. உன் காலில் சோப்பு படவே இல்லை. டீசல் துணியை எடுத்துத் தந்தவன் நான். “இத்த வெச்சுத் துடை, எந்தக் கிருமியும் நிக்காது” என்றேன். கையில் ஆயில் பட்டாலும் ரத்தம் வந்தாலும் நமக்கு அதுதானே மருந்து.

நீ பன் பிய்த்துப் போட்ட நாய்க்குட்டி அது. விளையாட்டாகக் கவ்வியது, கணுக்காலில் ரத்தம் வந்தது. நீ சிரிக்கவில்லை. ராஜமுந்திரிப் பக்கம் நாய் கடித்துச் செத்த ஒரு டிரைவரின் கதை உனக்குத் தெரியும். சாவியை என்னிடம் நீட்டினாய்.

“வண்டிய நவுத்திக்கோ மாமு. ஊசி போட்டுகினு வந்துடுறேன்.”

வரிசையை விட்டுப் போகிறவன் பின்வண்டிக்காரனிடம் சாவி கொடுப்பான். பின்வண்டிக்காரன் இரண்டையும் மாற்றி மாற்றி நகர்த்துவான். யாரும் எழுதி வைக்காத வழக்கம், யாரும் மறுப்பதும் இல்லை. நான் மறுத்தேன். செல்போனில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் இறங்கி ஏறச் சோம்பல். அவ்வளவுதான் காரணம்.

“பால்குடி மறக்காத குட்டி கடிச்சதுக்கு ஊசியா? கேட்டாத் துப்புவானுங்க. லோடு இறக்கிட்டுப் போ, நைனா.”

சாவியை மடக்கிக்கொண்டு உன் வண்டியில் ஏறினாய். இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்துக்குள் போனோம். அங்கேயே ஓசூருக்கு லோடு ஏற்றினார்கள், பிறகு விஜயவாடா. காயம் ஆறியது, நீயும் விட்டுவிட்டாய். பெட்டியில் ஏற்றிய இறால் கெடாமல் இருக்க இந்தச் சாலையிலேயே குளிரூட்டி ஓடுகிறது. அதை இழுக்கிறவன் கால் கழுவ ஒரு குழாய் இல்லை. அதற்காக யார் சட்டையையாவது பிடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் சாவியை வாங்காத கை என்னுடையது.

ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். ஃபேன் காற்று பட்டால் துடித்தாய். தண்ணீர் டம்ளரைக் கண்டதும் தொண்டை இழுத்தது. இனி மருந்து கேட்காது என்று டாக்டர் வெளியே சொல்லிவிட்டிருந்தார். உள்ளே உன்னிடம், கடித்த அன்றே ஏன் வரவில்லை என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

“நான்தான் சார் அசால்ட்டா உட்டுட்டேன். யாராண்டயும் சொல்லல.”

நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வரிசையில் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறேன். குட்டியோ பெரிசோ, கடியோ கீறலோ, உடனே கழுவு, அன்றைக்கே போ. ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தையும் கேள். சீட்டைப் பத்திரமாக வை, அடுத்த ஊசி நாளில் எந்த ஊரில் நின்றாலும் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிப் போட்டுக்கொள். ‘நாய் டாக்டர்’ என்று கிண்டல் செய்கிறார்கள், ஆனாலும் கேட்கிறார்கள். மீஞ்சூர்க்காரன் ஊசி போட்டுக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்து, “நீ கீறதால பொழச்சேன் மாமு” என்று கையைப் பிடித்தான். உன் சாவில் எனக்கு நல்ல பேர் கிடைத்திருக்கிறது.

போன வாரம் ராயபுரம் மார்க்கெட்டில் உன் மனைவியைப் பார்த்தேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“உங்களாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இழுத்துகினு போயிருப்பீங்களேண்ணா. யாராண்டயும் சொல்லாம பூட்டாரே.”

“ஆமாம்மா” என்றேன்.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை அன்று முதல்முறையாக நானே என் வாயால் சொன்னேன்.