தண்ணீர் ஏறும் நேரத்தில் அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சௌக்கியமா இல்லையா என்று எனக்கே பிடிபடவில்லை. அப்பா லேத் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்றதிலிருந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தது உனக்குத் தெரியும். டாக்டர் நடக்கச் சொன்னதும் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே பாறைகளில் இருக்கும் பிராணிகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பேச்சு. தண்ணீர் வற்றினால் நண்டெல்லாம் கல்லுக்கடியில் ஈரம் பார்த்துப் பதுங்கிக்கொள்கிறதாம், நத்தை கொஞ்சம் தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறதாம், பூமாதிரி விரிகிற ஒன்று சுருங்கி உருண்டையாகிவிடுகிறதாம். கேட்க எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கடல் உள்வாங்குகிற அந்த வற்றம் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளிப் போகிறது, அதன் பின்னாலேயே இவரும் போகிறார். பட்டறைச் சங்கு ஊதினால் தட்டு முன்னால் உட்கார்ந்த மனிதர், ஒரு நாள் பதினொன்றுக்கே சாப்பாடு கேட்கிறார், இன்னொரு நாள் மூன்றானாலும் ஆளைக் காணோம். அடுப்பை எப்போது பற்றவைப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரி மூச்சிரைக்க ஓடிவந்து, அக்கா, உங்க வீட்டுக்காரர் பாறையில மாட்டிக்கிட்டாராம் என்றாள். கைப்பிடித்துணியோடு அப்படியே ஓடினேன். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் இவர் முழங்காலளவு நனைந்தபடி குனிந்து பாறையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடற்கரைக் காவல்காரர் கயிற்றோடு போய்த்தான் கூட்டிவந்தார். கரையேறியதும் இவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, பாறையில சுண்ணாம்புக் கட்டியாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கே, அது உயிருள்ளதுடீ, தண்ணி மேல பட்டதும் கதவத் தொறந்து இறகுமாதிரி ஒண்ண நீட்டி இரை பிடிக்குது என்கிறார். நீங்க போயிட்டா நான் எந்தக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன், அழுதேன். உன் அண்ணன் போனில், அப்பாவ இனிமே வெளிய விடாதீங்கம்மா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் சொல்வதும் நியாயம்தான், சரி என்றேன். அப்பாவுக்குத் திரும்ப அந்த நாற்காலிதான், திரும்ப அந்த மௌனம்தான். வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதி வரவேண்டும் இல்லையா, வரவில்லையே. எதற்குப் பயப்படுவது என்றே குழம்பிப்போனேன். நேற்று என்னையறியாமல், இன்னிக்கு எத்தனை மணிக்கு வத்துது என்று கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் செருப்பை மாட்டினார், நானும் மாட்டினேன். பாசி வழுக்கியது, கையைப் பிடித்துக்கொண்டார். பாறையில் ஒட்டியிருந்த அந்தச் சுண்ணாம்பு ஓடுகள் எனக்குச் செத்தவை மாதிரிதான் தெரிந்தன. கொஞ்சம் பொறு என்றார். தண்ணீர் வந்து தொட்டது, ஒவ்வொன்றாகத் திறந்தன, நான் வாயைப் பிளந்து பார்த்தேன். கணுக்கால் நனைந்ததுமே போதும் வாங்க என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செய்தது சரியா தப்பா என்று நீதான் சொல்லவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்கவேண்டும். மறக்காதே, அண்ணன் கேட்டால் அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயேதான் இருக்கிறார்கள் என்று சொல். நாளைக்கு வற்றம் மத்தியானத்துக்கு மேலேயாம், சமையலைச் சீக்கிரம் முடித்துவிடவேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா