நூலகத் தளத்தை நான் அழிக்கப்போவதில்லை

12 யூன், வியாழன்

இன்று கணினி படிப்பிக்கும் சேருக்கு வாய் காட்டிவிட்டேன்.

பாடசாலையின் புதிய இணையத்தளத்தைப் பார்க்க, அதிபர் எங்கள் சேர்வரின் எண் முகவரியை மட்டும் அடித்தார். திறந்தது நானும் என் வகுப்பில் படிக்கும் சுகந்தியும் செய்த நூலகத் தளம். பிழை என்னுடையதுதான். ஒரே சேர்வரில் இரண்டு தளங்கள் இருந்தால், தளத்தின் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் அடித்து வருபவருக்குப் பட்டியலில் முதலாவது தளமே திறக்கும். எங்களுடையதை முதலில் எழுதிவிட்டேன்.

"ஒரு விலாசத்திலை ரெண்டு தளம் என்னத்துக்கு? உன்ரையை அழி பிள்ளை," என்றார் சேர்.

"எங்கட பக்கத்திலை பதினொரு வீட்டுக் கடிதமும் சங்கக்கடை விலாசத்துக்குத்தான் சேர் வருது. மனேச்சர் பேரைப் பாத்துக் குடுக்கிறார். ஒண்டையும் கிழிக்கிறேல்லை."

"கதைக்க மட்டும் நல்லாத் தெரியும்."

அதிபர் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. நாளைக்குள் அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நானூறு புத்தகங்களின் பெயர்களை மூன்று மாதமாக இருந்து அடித்தோம். நாளை பாடசாலைத் தளத்தை முதலாவதாக மாற்றுவேன். அது என் பிழை, திருத்துவேன். நூலகத்தை அழிக்க மாட்டேன். வேண்டுமென்றால் சேர் தன் கையால் அழிக்கட்டும். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் சத்தமாக வாசிப்பேன்.