நெட்டைக்கிடாவின் மகள்களும் மாசேந்தனின் சிறையும்

மழை மறவாத வெண்பாறை நாட்டை ஆளும் கோப்பெருமாட்டி நித்திலவல்லியாரின் ஆணை தாங்கி, முதலமைச்சன் அருமான், முகிற்கோட்டைத் தலைவர் வயிரக்கோனுக்கு விடுக்கும் ஓலை. உம் மதிலும் மறவரும் குறைவின்றி வாழ்க.

அரண்மனை ஆட்டுக்கிடையிலிருந்து வந்த செம்மறிப்பாலில் தயிர் திரளாமையால், மறவர் குளிர்காலத்தை அரைவயிற்றோடு கழித்தனர். பால் சுமந்து வந்த மாசேந்தன் வழியில் சுனைநீர் கலந்தான் எனக் கருதி அவனைச் சிறையிட்டீர். அவன் மனைவி அலரி, அரண்மனைக் கிடையின் தலைவி. காவலர் இழுத்துச் செல்கையில் அவன் திரும்பி, "நான் கலப்பேனா? நீயே சொல்லு, அலரி" என்றான். அவள் பட்டியின் படலைச் சாத்திக்கொண்டாள்.

அவன் போன பின்னும் பால் நீர்த்தே வந்தது. அலரி தானே கறந்து, கறந்த கையோடு காய்ச்சி உறையிட்டாள், தயிர் இறுகவில்லை. புல்லின் குற்றமோ என்று மந்தையை வேறு மேய்ச்சலுக்கு ஓட்டினாள். அங்கும் அதே கதை. பிறகு ஆடுகளை, கிடையின் இரு கிடாக்களில் எதற்குப் பிறந்தவை என்று தந்தைவழி பிரித்துக் கறந்தாள். ஒரே புல் மேய்ந்தும், குட்டைக்கிடாவின் மகள்கள் கொஞ்சமே கறந்தன, பால் கெட்டியாயிருந்தது. நெட்டைக்கிடாவின் மகள்கள் குடம் நிறையக் கறந்தன, பாலில் கொழுப்பில்லை. அந்த நெட்டையனை, அதன் தாய் கறந்த பாலின் அளவை மட்டும் கண்டு, கிடைக்குத் தேர்ந்தவள் அவளே.

அவைக்கு வந்து நின்றாள். நாம் ஐயுற்று, நம் ஆட்களைக் கொண்டு நம் கண்முன்னே கறக்கச் செய்தோம். அவள் சொல் மெய்யாயிற்று. "யாரும் தண்ணி ஊத்தலீங்க. பொறப்புலயே வந்த கொணம். குடம் நெறையுதேன்னு நான்தான் பூரிச்சுக் கெடந்தேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஆகவே கோப்பெருமாட்டியார் பணிப்பது: நெட்டைக்கிடாவின் மகள்களைக் குட்டைக்கிடாவின் வழிவந்த கிடாக்களோடு சேர்க்க. இனி எந்தக் கிடாவையும், அதன் மகள்கள் ஈன்று, அவற்றின் பாலை அளந்து உறையிட்டுப் பார்க்குமுன், கிடைக்குத் தந்தையென நிலைநிறுத்தற்க. மாசேந்தன் குற்றமற்றவன், அவனை இன்றே விடுவிக்க. இது கோமுத்திரை இட்ட ஆணை, பிழையாது செய்க.

இவ்வோலையைக் கொணர்பவள் அலரியே. தனக்கென அவள் கேட்டது, இதைத் தானே கொணர்வது ஒன்றே. சிறைவாயிலில் உம் மறவர் விலகி நிற்க, அவள் முதலில் உள்ளே செல்க. அவன் உடனே வெளிவர இசையானாயின், இசையும்வரை அவளுக்கும் அங்கே ஒரு பாய் தருக. கதவை மட்டும் பூட்டற்க.