மாஸ்க்குக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

பல் செட் செய்து கொண்டுவருகிறவர் இன்று மறுபடியும் கேட்டார். "எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" வேலை இருக்கிறது என்றேன். பொய். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், நோயாளி நாற்காலி காலி. ஆனால் டீ குடிக்க மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே. இந்தப் பல் கிளினிக்கில் நான் சேர்ந்ததிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் என் கண்ணை மட்டும்தான். கீழே தாடையெல்லாம் சீழ் கோத்த பரு. ஒன்று அடங்கினால் பக்கத்தில் இரண்டு.

எனக்குப் போகவேண்டும் போல இருந்தது. அதுதான் பாழாய்ப்போன விஷயம்.

மார்ச் 9, ஞாயிறு

பல் பிடுங்குவதற்கு முன் டாக்டர் முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிற மருந்தை ஒரு குப்பியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கையில் ஒரு கிருமியை விடாதது கன்னத்தில் மட்டும் விட்டுவைக்குமா? காலையும் மாலையும் தேய்க்கிறேன். நன்றாக எரிகிறது. வாய் கொப்பளிக்கிற மருந்து எரியுதே என்பவர்களிடம், "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12

தோல் உரிகிறது. அக்கா பார்த்துவிட்டாள். "பாத்திரமாடி தேய்க்கிற? மூஞ்சிடி அது."

மார்ச் 15, சனி

முடியவில்லை. கன்னம் செக்கச்செவேலென்று, உதட்டோரம் வெடித்து, வாயைத் திறந்தால் ரத்தம். மாஸ்க் உரசினால் உயிர் போகிறது. கருவிகள் கழுவுகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். பருவும் போகவில்லை. கண்ணீர் பட்டாலும் எரிகிறது. அழக்கூட விடமாட்டேங்குதே இந்த மூஞ்சி. நான் யாருக்கு என்ன பண்ணேன்?

மார்ச் 17

தோல் டாக்டரம்மா குப்பியைத் திறந்து முகர்ந்தார். "இதைப் போய் முகத்துல போடுவாங்களா? கிளினிக்ல வேலை செய்றவங்கதானே நீங்க?" எங்கே வைத்துக்கொள்வேன் முகத்தை.

முதலில் புண் ஆற வேண்டுமாம். பிறகு ஆன்டிபயாடிக் மாத்திரை, இரவில் ஒரு கிரீம், பகலில் வெயிலுக்கு ஒரு கிரீம். "மாத்திரை மட்டும் போட்டா கிருமி அதுக்குப் பழகிக்கும். ராத்திரி கிரீமையும் விடாதீங்க. பொறுமையா இருங்க, வாரக்கணக்குல ஆகும்."

பொறுமையாம்.

ஏப்ரல் 10

அக்கா: "உன் கிரீம் பட்டு என் துண்டு, தலகாணி உறை எல்லாம் வெளுத்துப்போச்சு. உன் மூஞ்சி மட்டும் அப்படியே இருக்கு." அவளோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஏப்ரல் 11

ஒன்றும் மாறவில்லை.

ஏப்ரல் 23

கிளினிக் அலமாரியில் வேறொரு ஆன்டிபயாடிக் இருக்கிறது, ஈறு வீக்கத்துக்குக் கொடுப்பது. இதையும் சேர்த்து விழுங்கினால்? ஒரு அட்டையை எடுத்துப் பையில் போட்டுவிட்டேன். திரும்பினால் வாசலில் பல் செட்காரர். என் முழியைப் பார்த்து, "பயப்படாதீங்க, இனிமே டீக்குக் கூப்பிட மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். முடிந்தது. அவர் போனதும் அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். இனி யாருக்காக?

மே 6, செவ்வாய்

காது கேளாத பெரியவர் ஒருவர் புதுப் பல் செட் மாட்டிப் பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார், எழுதிக் காட்டினாலும் தெரியவில்லை. பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாராம். டாக்டரின் இரண்டு கையும் அவர் தாடையைப் பிடித்திருந்தன, மாஸ்க்கைக் கழற்ற வழியில்லை. "நீ சொல்லும்மா" என்றார் என்னிடம். உரசுகிற இடத்தை ராவிக் கொடுக்க பல் செட்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"மெதுவா கடிங்க. எங்க குத்துது?"

பெரியவர் கடித்தார், இடது பக்கம் தொட்டுக் காட்டினார். பரு பாதி அடங்கியிருக்கிறது, பாதி அப்படியே, நடுவில் கறுத்த தழும்புகள். கடைசிவரை நான் வேறு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பல் செட்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நானே கேட்டேன். "டீ குடிக்கலாமா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடையில் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இம்மி பிசகாமல் பல் செய்கிற கண். செத்தேன் என்று நினைத்தேன்.

"கிரீம் சரியா தேய்க்கல. வெள்ளையா நிக்குது."

"எங்க?"

"காதுக்குக் கீழ. இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்."

டீ ஆறிப்போயிருந்தது. இன்னும் இரண்டு டீ சொன்னார்.